திருப்தியை எந்தப் பக்கம் வைப்பது

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது நோன்புப் பெருநாள் முடிந்த வாரத்தில் என் கணவர் வெளிநாடு போனார். புதுப்பட்டினம் கடைத்தெருவில் அவர் வைத்திருந்த ஃபேன்ஸி ஸ்டோர் படுத்துவிட்டது. கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து சாயங்காலம் வந்து மீனும் காயும் வாங்கிப் போகிறவர்கள், தலை கிளிப்பையும் டிபன் பாக்ஸையும் போனிலேயே வரவழைக்கத் தொடங்கியிருந்தார்கள். கடைச் சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. பிறகு தெரிந்தவர் ஒருவர் மூலமாக வளைகுடா நாடு ஒன்றில், பெரிய கிடங்கு ஒன்றில் வேலை அமைந்தது. சரக்கு வருவதையும் போவதையும் கம்ப்யூட்டரில் பதிகிற வேலை என்று சொன்னார்கள்.

வீட்டில் நானும் மாமியும் மட்டும் மிஞ்சினோம். மாமி என்றால் அவருடைய அம்மா. முதல் சில வாரங்கள் அவருடைய சட்டைகளைத் துவைத்து மடித்து வைப்பதும், மடித்ததை எடுத்துத் திரும்பத் துவைப்பதுமாக இருந்தேன். சட்டையில் அவர் வாசனை போய்விட்டது என்று தெரிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. ஒருநாள் மாமி வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தோய்ச்ச துணியவே தோய்ச்சிகினு கீறியே, படிச்ச பொண்ணுதானே நீ? எங்கனா வேலைக்குப் போ. வூட்ல குந்திகினு இருந்தா நாளு நகராது. எனக்குத் தெரியும்."

நான் செங்கல்பட்டில் புள்ளியியல் படித்தவள். படிப்பு முடிந்ததும் கல்யாணம் ஆகிவிட்டதால் சான்றிதழ் பீரோவிலேயே இருந்தது. மாமி சொன்ன பிறகு தேடிப் பார்த்தேன். செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பதில் வாங்கித் தொகுக்கிற சின்ன அலுவலகம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் மேடம். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வெயில்ல நடப்பியா?"

நடப்பேன் என்றேன். நடந்தால் களைப்பு வரும், களைப்பில் தூக்கம் வரும் என்பது எனக்கு அப்போது பெரிய ஆசையாக இருந்தது.

என்னோடு களத்துக்கு வர அச்சரப்பாக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். விவசாயக் குடும்பம், அண்ணன் லாரி ஓட்டுகிறவர். அவளிடம் ஸ்கூட்டர் இருந்தது. என்னைவிட வயதில் சின்னவள், என்னை அக்கா என்பாள். அவள் ஓட்ட, படிவப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்து போவேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி முந்தும்போதெல்லாம் அவள் வண்டியோடு பேசுவாள்: "ஒதுங்கி நில்லுடீ, போவட்டும் அவன்."

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, வீட்டில் ஒருவரை வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்கு அனுப்பிவிட்டு இருக்கிற கரையோரக் குடும்பங்களைப் பற்றியது. அவர்கள் எப்படி இருக்கிறார்கள், எதற்குக் கஷ்டப்படுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு தொண்டு நிறுவனம் கேட்டிருந்தது. என் வீட்டுக்கதையையே கேள்வியாக அச்சடித்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. மேடத்துக்கு என் கணவர் விஷயம் தெரியும். வேண்டாமென்றால் வேறு வேலை தருவதாகச் சொன்னார். நான்தான் போகிறேன் என்றேன்.

முன்னோட்டமாகச் சில தெருக்களில் கேட்டு எடுத்து வந்த படிவங்களை மேடம் மேஜையில் பரப்பிப் பார்த்தார். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஐந்து கட்டங்கள், இடமிருந்து வலமாக. முதல் கட்டம் 'மிகவும் திருப்தி'. அடுத்தது 'திருப்தி'. நடுவில் 'இரண்டும் இல்லை'. பிறகு 'திருப்தி இல்லை'. வலது ஓரத்தில் 'கொஞ்சமும் திருப்தி இல்லை'. படிவங்களில் பெரும்பாலான டிக்குகள் இடது பக்கமாகவே குவிந்து கிடந்தன.

"இதப் பார்த்தா நம்ம கடலோரத்துல யாருக்கும் ஒரு கவலையும் கிடையாது. எல்லாரும் சந்தோஷமா புள்ளைங்கள அனுப்பிட்டு உக்காந்திருக்காங்க," என்றார் மேடம்.

பிறகு என்னைப் பார்த்து, "அப்படியா?" என்றார். நான் படிவங்களை அடுக்கத் தொடங்கினேன்.

அவருக்கு ஒரு சந்தேகம். ஜனங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட, கட்டங்கள் நிற்கிற வரிசைக்குத்தான் பதில் சொல்கிறார்களோ என்று. அதனால் படிவத்தை மூன்று விதமாக அடிக்கச் சொன்னார். ஒன்று பழையபடி. இன்னொன்று தலைகீழாக, 'கொஞ்சமும் திருப்தி இல்லை' இடது ஓரத்தில் முதலாவதாக நிற்கும். மூன்றாவதில் சொற்களோடு ஐந்து முகங்கள், சிரிப்பிலிருந்து அழுகை வரை. போதாததற்குப் போனில் காட்டுகிற வடிவம் ஒன்று, அதில் கட்டங்கள் மேலிருந்து கீழாக, திருப்தி மேலே. எந்த வீட்டுக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தோம்.

"கேள்வியில ஓர் எழுத்து மாறக் கூடாது. நீங்களும் குரலை ஏத்தி இறக்கக் கூடாது. இடம் மட்டும்தான் மாறணும்," என்றார்.

அப்படித்தான் நாங்கள் சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு, மாமல்லபுரம் என்று கரையோரமாகவே அலைந்தோம். எல்லா வீட்டிலும் ஒரு புகைப்படம் இருக்கும். கண்ணாடி மாளிகைக்கு முன்னாலோ, ஒட்டகத்துக்குப் பக்கத்திலோ, கப்பல் தளத்திலோ ஓர் ஆண் நின்றுகொண்டிருப்பார். தண்ணீர் கொண்டு வரப் பெண்கள் உள்ளே போகும் நேரத்தில் நான் அந்தப் படத்தைப் பார்ப்பேன். சட்டை காலர் என் கணவருடையதைப் போல இருக்கிறதா, நிற்கும்போது இவரைப் போல ஒரு தோளைச் சாய்த்திருக்கிறாரா என்று.

மீனவக் குப்பத்தில் ஓர் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னார். அவர் கணவர் வேறு மாநிலத்துத் துறைமுகத்தில் விசைப்படகில் இருந்தார். நான் ஐந்தையும் வாசித்து முடிப்பதற்குள், "மொதல்ல இன்னா கீதோ அதயே போட்டுக்கம்மா" என்றார். அன்று அவருக்கு வந்த படிவத்தில் முதலில் இருந்தது 'மிகவும் திருப்தி'. போட்டுக்கொண்டேன். எழுந்து வரும்போது அவர் சாம்பல் கையோடு என்னை நிறுத்தி, "ஏம்மா, அந்தத் துறைமுகம் இங்கிருந்து எம்மாந்தூரம்? ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்டார்.

முகம் போட்ட படிவம் வேறு விதமான சிக்கலைக் கொண்டுவந்தது. மாமல்லபுரத்தில் ஒரு தாய், மகன் கப்பலில் இருக்கிறான், கடைசி முகத்தின்மேல் விரலை வைத்தவர் சுட்டதுபோல எடுத்துவிட்டார். "அழுவுற மூஞ்சியப் போட்டா அவனுக்கு ஆவாது. வேணாம்மா. சிரிக்கிறதயே போட்டுக்க," என்றார். போட்டுக்கொள்ளும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருக்குத் தலைகீழ் படிவம் இல்லை, பழையதுதான் வந்தது. இரண்டு மகன்களும் வெளிநாட்டில். நான் வாசிக்க வேண்டாம், தானே பார்த்துச் சொல்கிறேன் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் விரல் வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கமாக நகரப் பார்த்தது. அப்புறம் அவருக்கே தெரிந்து சிரித்தார்.

"குர்ஆன் ஓதி ஓதிப் பழகுன கண்ணும்மா. வலப் பக்கத்துலேர்ந்துதான் போவுது."

வலது ஓரத்தில் இருந்ததை அவர் படித்தார். கொஞ்சமும் திருப்தி இல்லை. சிரிப்பு நின்றது. விரல் அங்கேயே இருந்தது. "இது கீதே இங்க," என்றார் மெதுவாக. கடைசியில், "இதுவே இருக்கட்டும். ஆனா அல்லாஹ் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதையும் எழுதிக்க," என்றார். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. ஓரத்தில் எழுதினேன். மேடம் பிறகு அதைப் பார்த்தார், அடிக்காமல் விட்டார்.

போனைக் காட்டிக் கேட்டதில் நடந்த கூத்தை அச்சரப்பாக்கத்துப் பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். போன் திரை சின்னது. ஐந்து கட்டங்களில் மேலே உள்ளவைதான் தெரியும். மற்றதுக்கு விரலால் மேலே தள்ள வேண்டும். யாரும் தள்ளவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவள் எனக்குக் காட்டினாள்.

"பாருக்கா. கஷ்டம்னு ஒண்ணு கீழ கீதுன்னே யாருக்கும் தெரில. கண்ணுல பட்டதுல எது பரவால்லையோ அதத் தொட்டுட்டு போனக் குடுத்துடறாங்கோ."

"தெரியாம இல்லடி. கீழ இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு டீ சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியங்களில் நான் களத்துக்குப் போவதில்லை. அன்று அவருக்கு விடுமுறை. ஜும்மா தொழுதுவிட்டு அறைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுவார். இங்கே வெயில் சாய்ந்திருக்கும். போனைச் சன்னல் கம்பியில் சாய்த்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். அறையில் இன்னும் பலர் இருப்பதால் அவர் படத்தைக் காட்டமாட்டார், குரல் மட்டும்தான்.

"எப்டி கீறே? நல்லாகீறியா?"

"நல்லா இருக்கேன் மச்சான். நீங்க நல்லா இருக்கீங்களா?"

"நல்லாகீறேன். அம்மா நல்லாகீறாங்களா?"

"நல்லா இருக்காங்க."

அப்புறம் என்ன சாப்பாடு என்று கேட்பார். சொல்வேன். நானும் கேட்பேன். அவரும் சொல்வார். மாமியிடம் போனைக் கொடுப்பேன். மாமி "ஒரு குறையும் இல்லடா ராஜா, அல்ஹம்துலில்லாஹ், நீ கவலைப்படாத" என்பார். போன் திரும்பி என் கைக்கு வரும்போது பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது. வைத்த பிறகு, சொல்ல நினைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.

ஒரு சமயம் கேட்க வேண்டிய தெருக்களில் எங்கள் தெருவே வந்தது. என் வீட்டில் நான் கேட்கக் கூடாது; அச்சரப்பாக்கத்துப் பெண்தான் கேட்டாள். மாமி அவளுக்குப் பலகாரம் வைத்து, தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பரீட்சைக்கு உட்காருவதைப் போல உட்கார்ந்தார். நான் உள்ளே போகிறேன் என்றேன். "இன்னா ரகசியம் கீது, இரு," என்றார் மாமி. நான் சமையலறை வாசலில் நின்றேன்.

மாமிக்கு வந்தது தலைகீழ் படிவம். அவள் வழக்கமான சமக் குரலில் வாசித்தாள்.

"உங்க மகன் வெளிநாட்டுல வேலை பார்க்கறதைப் பத்தி நீங்க எப்படி உணர்றீங்க? கொஞ்சமும் திருப்தி இல்லை. திருப்தி இல்லை. இரண்டும் இல்லை—"

"இரு இரு," என்றார் மாமி. "மொதல்ல இன்னா சொன்னே?"

"கொஞ்சமும் திருப்தி இல்லை."

"அது எழுதியே கீதா உள்ள?"

"எழுதிகீதும்மா. இதோ பாருங்க."

மாமி படிவத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தார்.

"அப்ப இதச் சொல்லலாம்னு சொல்றே."

"எது வேணா சொல்லலாம்மா."

"இதயே போட்டுக்க," என்றார் மாமி. பிறகு யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினார். "இவன் அத்தாவும் இப்டித்தான். கல்யாணமான புதுசுல போனாரு, கப்பல்ல. வருசத்துக்கு ஒருக்கா வருவாரு, புதுசா யாரோ வூட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். பழகறதுக்குள்ள கெளம்பிடுவாரு. எப்டி கீறேன்னு லெட்டர்ல கேப்பாரு. நல்லாகீறேன்னு எழுதுவேன். வேற எதையும் எழுதலாம்னே எனக்குத் தெரியாது. இந்தப் பொண்ணும் இப்ப அதத்தான் சொல்லிகினு கீது. எனக்குக் காது கேக்குதே."

அச்சரப்பாக்கத்துப் பெண் பேனாவை மூடிவிட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. மாமிதான் திரும்பினார்.

"டீ கொதிக்குது பாரு, பொங்கிடப் போவுது."

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. எப்போதும் போல அவர் "நல்லாகீறியா?" என்றார். நான் பதில் சொல்லாமல், "மச்சான், நான் ஒண்ணு கேக்கறேன். அங்க உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குதா, கொஞ்சம் கஷ்டமா இருக்குதா, இல்ல பரவால்லையா?" என்றேன்.

அவர் சிரித்தார். "இன்னா, ஆபீஸ் கேள்வியெல்லாம் எங்கிட்ட கேக்கறே?"

நான் சிரிக்கவில்லை. போனில் ஃபேன் ஓடுகிற சத்தம் வந்தது. யாரோ தட்டு கழுவினார்கள். ஒரு கதவு திறந்து மூடியது. அவர் வெளியே வந்திருக்க வேண்டும், காற்று இரைந்தது.

"மொதல்ல ஒண்ணு சொன்னே பாரு," என்றார். "அது."

அப்புறம்தான் எல்லாம் வந்தது. கம்ப்யூட்டர் வேலை சில மாதங்களோடு முடிந்துவிட்டதாம். இப்போது லாரியிலிருந்து பெட்டி இறக்குகிற இடத்தில், திறந்த வெளியில் நிற்கிறாராம். வெயிலில் இரும்புக் கதவைத் தொட்டு உள்ளங்கை வெந்து, அதற்குப் பிறகு கையுறை போடுகிறாராம். சாப்பாட்டு நேரத்தில் நிழலுக்காக லாரிக்கு அடியில் உட்காருவார்களாம். "பொய் சொல்லணும்னு இல்ல. நீ நல்லாகீறியான்னு கேப்பே. ஆமான்னு வாயில வந்துடும். அப்புறம் மாத்திச் சொல்லத் தோணாது," என்றார்.

நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்கும். அதட்டவில்லை. "இப்ப நீ சொல்லு. அதே மாதிரி கேக்கறேன். ரொம்பக் கஷ்டமா, கொஞ்சம் கஷ்டமா?" என்றார். 'பரவாயில்லையா' என்பதை விட்டுவிட்டார்.

என்ன சொல்வதென்று யோசித்தேன். தனியாகப் படுப்பதையா, பெருநாளுக்கு எடுத்த புடவையை யாருக்குக் கட்டிக் காட்டுவது என்று மடித்து வைத்ததையா. வாயில் வந்தது வேறு.

"நீங்க நடக்கறது எப்படின்னு எனக்கு மறந்துபோச்சு மச்சான். குரல் இருக்குது. முகம் போட்டோவில இருக்குது. தெருவுல நீங்க நடந்து வந்தா தூரத்துலேர்ந்தே தெரியுமே, அது எப்படித் தெரியும்னு யோசிக்கறேன், வரல."

அந்த வாரம் முழுவதும் அதை ஏன் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை போன் வருவதற்கு முன்னால் ஒரு வீடியோ வந்தது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்து. மேலே வரிசையாக ஏ.சி. பெட்டிகள். அந்தக் கோடியிலிருந்து அவர் நடந்து வருகிறார். லுங்கியும் வெள்ளைச் சட்டையும். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒருமுறை பின்னால் கட்டுகிறார், விடுகிறார். படம் பிடிக்கிறவர், "அண்ணாத்த, கேமராவப் பாக்காத, சும்மா நட," என்கிறார். இவர் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுத் திரும்பி அந்தக் கோடிக்கே போய், மறுபடி வருகிறார். இடது தோள் கொஞ்சம் முன்னால் வரும். வலது கால் செருப்பு தரையில் தேயும். ஆமாம், அதுதான். தெருமுனையில் எனக்குத் தெரிகிறது அதுதான்.

மாமியிடம் காட்டினேன். மாமி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். "எளச்சிட்டான்," என்றார் முதலில். திரும்பப் போடச் சொன்னார். "அப்டியே அவன் அத்தா நடைதான்." பிறகு போனை என்னிடம் தராமல் தன் அறைக்குப் போய்விட்டார். நானும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் உண்மையைப் பேசினோம். அதனால் ஏக்கம் குறையும் என்று யாராவது நினைத்தால் தப்பு. முன்னெல்லாம் அவர் ஒரு குளிர்ந்த அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சோறு தின்றேன். இப்போது லாரிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்து தின்ன வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த மதியங்களைப் போல என் வாழ்வில் எதற்கும் நான் காத்திருந்ததில்லை. அறைக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவார். சின்ன வயதில் சதுரங்கப்பட்டினம் கோட்டை மதில்மேல் ஏறி விழுந்தது, கடை மூடியபோது யாரிடமும் சொல்லாமல் பள்ளிவாசலில் போய் அழுதது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் முகத்தைச் சுளித்ததாக நினைத்துப் பயந்தது, எல்லாம் சொன்னார். கூடவே இருந்த காலத்தில் இதில் ஒன்றைக்கூட அவர் சொன்னதில்லை.

ஆய்வு முடிந்தது. மேடம் நினைத்தபடிதான் வந்திருந்தது. திருப்தி முதலில் நிற்கிற படிவத்தில் திருப்தி கூடுதல். தலைகீழ் படிவத்தில் கஷ்டம் கூடுதல். முகம் போட்டதில் அழுகிற முகத்தை அநேகமாக யாரும் தொடவில்லை. போனில் கீழே இருந்தவை அப்படியே தீண்டப்படாமல் கிடந்தன. ஒரே கரை, ஒரே மாதிரி குடும்பங்கள், ஒரே கேள்வி.

"அப்ப எது மேடம் நிஜம்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டுமே அவங்க வாயால சொன்னதுதானே. நான் அறிக்கையில ரெண்டையும் எழுதி, எப்படிக் கேட்டதுக்கு எது வந்துச்சுன்னும் எழுதப் போறேன். இனிமே பாதி பேர்கிட்ட இப்படி, பாதி பேர்கிட்ட அப்படின்னு கேட்போம். வேற வழி எனக்குத் தெரியல," என்றார். எல்லாம் தெரிந்தவர் என்று நான் நினைத்திருந்தவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த ஆண்டின் பின்பனிக் காலத்தில் அவர் விடுமுறைக்கு வந்தார். விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தள்ளுவண்டிக் கூட்டத்தில் அவரைத் தோளை வைத்தே கண்டுபிடித்தேன். மாமி சொன்னதுபோல முதலில் வேறு யாரோ வீட்டுக்கு வந்த மாதிரிதான் இருந்தது. அவர் கேட்காமல் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்கவில்லை. சில நாளில் சரியாகிவிட்டது.

போக வேண்டிய வாரத்தில் என்னை மாமல்லபுரம் கூட்டிப்போனார். கடற்கரையில் சுற்றுலா வந்தவர்கள் அலையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கூட்டத்தைத் தாண்டி, படகுகள் ஏற்றி வைத்திருந்த பக்கமாகப் போய் உட்கார்ந்தோம். மணலைக் கையால் அள்ளி அள்ளி ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு தபா போயிட்டு வந்துடறேன். ஒத்துகின வருசம் முடிஞ்சதும் மொத்தமா வந்துடறேன். இன்னா சொல்றே?"

அவர் கேட்டதில் 'போகிறேன்' முதலில் இருந்தது. 'இருக்கிறேன்' என்பது எங்குமே இல்லை. தொழில்புத்தி, காதில் விழுந்துவிட்டது. அதைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை.

"போகாதீங்க," என்றேன்.

அவர் கடலைப் பார்த்தபடி இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டது மணல் பட்டதாலா என்று தெரியவில்லை. "நீ சொல்லணும்னுதான் கேட்டேன்," என்றார். "சொல்லிட்டே. அது போதும்."

போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றி, வேலை முடிந்ததும் மொத்தமாக வந்தும்விட்டார். இப்போது மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு கடற்கரை விடுதியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறார். காலையில் பைக்கில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுகிறார். மாமிக்குப் பேரன் பிறந்திருக்கிறான். அச்சரப்பாக்கத்துப் பெண்ணுக்குக் கல்யாணமாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாள். அவள் ஸ்கூட்டரின் பின்னிருக்கை என் உடம்புக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கேள்விகளை எழுதி, கட்டங்களை அடுக்குகிற வேலை இப்போது என்னுடையது.

எது வேண்டுமென்று ஏங்கினேனோ அது கிடைத்துவிட்டது. ஒரே வீட்டில் இருக்கிறோம். சாப்பிட்டாயா என்கிறார், சாப்பிட்டேன் என்கிறேன். வேலை எப்படி என்றால் பரவாயில்லை என்கிறார். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வருவதற்குள் அவர் தூங்கியிருப்பார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மாடிப்படியில் உட்கார்ந்து பேசிய அந்த மனிதரை எனக்குச் சில நாள் தேடுகிறது. பக்கத்தில் படுத்திருக்கிறவரிடம் போய், உங்களை எனக்குத் தேடுகிறது என்று எப்படிச் சொல்வது?

போன வாரம் அலுவலகத்தில் இருந்தபோது, காரணம் எதுவும் இல்லாமல் அவருக்குப் போன் போட்டேன். பதறிவிட்டார்.

"இன்னாச்சு? புள்ளைக்கு ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்ல மச்சான். சும்மாதான். பேசணும்போல இருந்துச்சு."

ஸ்டோர் ரூம் கதவைச் சாத்துவது கேட்டது. செருப்பு தேய்கிற சத்தம். பிறகு அலையின் இரைச்சல். விடுதிக்குப் பின்பக்கம் போய்விட்டார்.

"எனக்கும்தான்," என்றார். "அங்க கூட இருந்தவங்க ஞாபகம் வந்துகினே கீது. வூட்ல சொன்னா, திரும்பப் போறேன்னு நெனச்சிப்பியோன்னு சொல்லல."

"சொல்லுங்க," என்றேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். அன்று சந்தில் அவர் நடந்ததைப் படம் பிடித்தவர் இப்போது தன் ஊரில் ஆட்டோ ஓட்டுகிறாராம். சன்னலுக்கு வெளியே செங்கல்பட்டு ஏரி வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. அவர் பேச்சை நிறுத்தி, "இங்க கடல் மேல இருட்டிகினு வருது, மழை புடிக்கப் போவுது," என்றார்.

"இங்க நல்ல வெயில் மச்சான்."

"வரும், வரும். அம்மாவுக்குப் போன் பண்ணி மாடியில கீற துணிய எடுக்கச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். ஆனால் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவர் பக்கம் மழை தகரக் கூரையில் விழத் தொடங்கியது.